கற்பு யாருக்கு?
(நல்லூர்க் கூட்டத்தில் பேசியது)



விருத்தாசலத்திலிருந்து நாம் வருகின்றபோது, "பிறன்மனை தேடுவதெல்லாம் இந்தக் காலத்துக் கேடு" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அப்படியானால் அகலிகை கதை எந்தக் காலத்துக் கதை? தேடிப் போனவன் தேவராஜன். சாபம் இருவருக்கும்தான். ஆனால் அவனுடைய குறிகள் ஆயிரம் கண்களாகி அலங்காரமாயின, பதவியும் போகவில்லை. அவளோ கல்லானாள். 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய 'சாபவிமோசனம்' கதையில், சீதை நெருப்பிலிறங்கிய செய்தி கேட்டு அவள் மறுபடியும் கல்லாகின்றாள். வேறென்ன செய்வாள்?

கண்ணகிக்குக் கோவில் கட்டினோம். மாதவி வீட்டிலிருந்த கோவலனுடைய கற்பை எந்தப் பண்டிதர் விசாரித்தார்?

புராணம் கிடக்கட்டும். 1860-இல் வந்த தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவைப் பாருங்கள். பிறன் மனைவியைச் சேர்ந்தவனுக்கு 5 வருஷம் வரை சிறை. ஆனால் புருஷன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லையாம்! நிலக்காரன் அனுமதித்தால் அயலான் மாடு வயலில் மேயலாமல்லவா, அதே நியாயம்! புருஷன் ஒரு விதவையைத் தேடிப் போனாலோ, பெண்டாட்டி இந்தப் பிரிவின்கீழ் பிராது கொடுக்கவே வழியில்லை.

இந்தப் பிரிவை 2018 செப்டம்பர் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் அய்ந்து நீதிபதிகள் ரத்து செய்தார்கள். குடும்பமே அழிந்துவிடுமென்று கூச்சலிட்டவர்கள் உண்டு. துரோகத்துக்குச் சிறைதான் போயிற்று. அதைக் காட்டி விவாகரத்துக் கேட்கும் உரிமை இருவருக்கும் இருக்கின்றது.

கோர்ட்டு போகட்டும். பெண்ணை நடுவில் நிறுத்திக் கேட்ட பஞ்சாயத்துக்கள் எத்தனையோ. புருஷனை அப்படி நிறுத்திய பஞ்சாயத்து ஒன்று இருந்தால், இங்கே வந்திருக்கும் நாட்டாண்மைக்காரர்கள் எழுந்து சொல்லட்டும்; நாம் உட்கார்ந்து கேட்கின்றோம்.