காவலருக்கு மேல் காவல்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே அடைத்து வைக்கப்படுகிறவர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். விசா முடிந்தவர், தஞ்சம் கேட்டு மறுக்கப்பட்டவர், சிறைத்தண்டனையை முழுதாகக் கழித்துவிட்டு நாடுகடத்தலுக்குக் காத்திருப்பவர் என்று பலரையும் பிரிட்டன் குடிவரவுத் தடுப்பு மையங்களில் வைத்திருக்கிறது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை, உள்துறை அதிகாரியின் உத்தரவே போதும். எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்குப் பொதுவான உச்சவரம்பும் அந்நாட்டுச் சட்டத்தில் கிடையாது. கொலைக் குற்றவாளிக்குக்கூடத் தன் விடுதலைத் தேதியைப் பற்றி ஒரு கணக்கு இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

லண்டன் காட்விக் விமான நிலையத்தை ஒட்டி 2009இல் திறக்கப்பட்ட மையம் புரூக் ஹவுஸ். பலத்த காவல் கொண்ட சிறையின் வரைபடத்தில் கட்டிய கட்டிடம் அது. விமானம் ஏறும் முன் 72 மணி நேரம் தங்கவைப்பதற்கென்று திட்டமிட்டார்கள். நடைமுறையில் மாதக்கணக்கில் ஆட்கள் கிடந்தார்கள். ஜன்னல் திறக்காது. கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கும், மறைப்புக்கு ஒரு திரைதான். 2017இல் இருவர் தங்கிய அறைகளில் மூன்றாவது கட்டிலைப் போட்டு, 60 பேரைக் கூடுதலாக வைக்க இடம் கண்டார்கள். மொத்தக் கொள்ளளவு 508 ஆனது. கட்டிலுக்கு இடம் கிடைத்தது, காவலர் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை. நூறு பேருக்கு மேல் இருந்த பகுதியில் சில வேளைகளில் இரண்டே காவலர்கள். வேலைக்கு வந்தவர்கள் நிலைக்கவும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிய அறைக்கதவு காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

மையத்தை நடத்தியது ஜி4எஸ் என்ற தனியார் நிறுவனம். 2012 முதல் 2018 வரை இந்த ஒப்பந்தத்தில் அதற்குக் கிடைத்த மொத்த இலாபம் 1 கோடியே 43 இலட்சம் பவுண்டு என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019இல் ஓர் அறிக்கையில் சொன்னது. இந்தத் தொகையைவிட அதே அறிக்கையின் இன்னொரு செய்திதான் எனக்கு முக்கியம். காவலர் தவறாகப் பலத்தைப் பயன்படுத்தினாலோ, அடைபட்டவரைக் கேவலமாகத் திட்டினாலோ, அது ஒப்பந்த மீறல் என்றே ஆகிவிடாது! எதற்கு அபராதம், எதற்கு இல்லை என்று வகுத்திருந்த பட்டியல் அப்படி. குறைகளைப் பதிவு செய்து தெரிவிக்கும் பொறுப்பும் பெருமளவு நிறுவனத்திடமே இருந்தது. கணக்குப்பிள்ளையையே தணிக்கைக்கும் உட்கார வைத்த கதை.

காகிதத்தில் பார்த்தால் கண்காணிப்புக்குப் பஞ்சமே இல்லை. உள்துறையின் அலுவலர்கள் அதே வளாகத்தில் இருந்தார்கள். எந்நேரமும் உள்ளே நுழைந்து யாரோடும் பேசும் உரிமை கொண்ட, சம்பளம் வாங்காத தன்னார்வலர்களின் கண்காணிப்புக் குழு இருந்தது. சிறைகளுக்கான தலைமை ஆய்வாளர் தம் குழுவோடு வந்து போனார். சித்திரவதைக்கு உள்ளானவர் என்றோ தற்கொலை எண்ணம் உள்ளவர் என்றோ மருத்துவர் கருதினால், அவருடைய அறிக்கை உள்துறைக்குப் போயே ஆகவேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகளில் 35ஆம் விதி சொல்கிறது. இத்தனையும் இருந்தும் 2016 இறுதியில் நடந்த ஆய்வு, மையத்தில் முன்னேற்றம் தெரிவதாகவே எழுதியது.

அடுத்த சில மாதங்களில் நடந்ததை வெளியே கொண்டுவந்தவர் இருபத்தோரு வயதுக் காவலர் ஒருவர். மறைத்து வைத்த கேமராவோடு அவர் பணிக்குப் போனார். 2017 செப்டம்பர் 4 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் அந்தக் காட்சிகள் ஒளிபரப்பாயின. மனம் உடைந்து தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள முயன்ற ஒருவரின் கழுத்தை இன்னொரு காவலர் இரு கைகளாலும் அழுத்தும் காட்சி அதில் உண்டு. பக்கத்தில் மற்றக் காவலர்களும் ஒரு செவிலியும் இருந்தார்கள். ஆனால் பலப்பிரயோகம் நடந்ததாகப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. பதிவேட்டை நம்பி வரும் ஆய்வாளர் எதைக் கண்டுபிடிப்பார்?

முழு அதிகாரம் கொண்ட விசாரணையை அரசு தானாக அமைக்கவில்லை. அங்கே அடைபட்டிருந்த இருவர் உயர்நீதிமன்றம் போய் வென்ற பிறகே அது வந்தது. கேட் ஈவ்ஸ் தலைமையிலான அந்த விசாரணை 2023 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 2017இன் ஐந்தே மாதங்களில், மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடைசெய்யும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3ஆம் பிரிவை மீறியதாகக் கொள்ளத்தக்க 19 சம்பவங்களுக்கு நம்பத்தகுந்த சான்று உண்டு என்றது. 33 பரிந்துரைகளையும் முன்வைத்தது. 28 நாளுக்கு மேல் யாரையும் அடைக்கக் கூடாது என்பது அவற்றுள் தலையாயது. அதை அரசு ஏற்கவில்லை.

சில கெட்ட காவலர்களின் வேலை இது என்று முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு பேர் நூறு பேரைச் சமாளிக்கும் இடத்தில் பேசிப் புரியவைக்க நேரம் ஏது? மிரட்டலும் பூட்டும்தான் மிஞ்சும். நல்லவராக வேலைக்கு வந்தவரும் ஆறு மாதத்தில் மரத்துப்போவார். ஆள் பற்றாக்குறையைக் கண்டதும் புதிய அடைப்பை நிறுத்தும் அதிகாரம் இல்லாத கண்காணிப்பு, வெறும் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்துதான்.

நம்மவரும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன இலங்கைத் தமிழர்களின் படகு, பிரிட்டன் ஆளும் தியாகோ கார்சியா தீவில் கரையேற்றப்பட்டது. கால்பந்து மைதானம் அளவுள்ள வேலிக்குள், எலிகள் ஓடும் கூடாரங்களில், குழந்தைகளோடு மூன்று ஆண்டுகள். காவலுக்கு நின்றதும் அதே ஜி4எஸ் ஆட்கள்தாம். பிரிட்டன் மண்ணில் இருக்கும் ஆய்வாளரும் தன்னார்வலர் குழுவும் அந்தத் தீவில் இல்லை. 2024 டிசம்பரில் அந்தத் தீவு அடங்கிய பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பளித்தது. நீதிபதி முகாமை நேரில் போய்ப் பார்த்தார் என்பதைச் சட்டக்கல்லூரி மாணவர்களான நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் ஒரு சிறப்பு முகாம் இருக்கிறது. நீதிமன்றம் விடுவித்த பின்னும், 2025 வரை இருந்த வெளிநாட்டினர் சட்டத்தைக் காட்டி அங்கே ஆட்கள் வைக்கப்பட்டார்கள். உண்ணாவிரதங்களும் நடந்திருக்கின்றன. உங்களிடம் ஒரு வேண்டுகோள். இங்கிருந்து போனதும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர், மருத்துவர் கடைசியாக எந்தத் தேதியில் வந்தார், முகாமைப் பார்வையிட அரசைச் சாராத யாருக்கு அனுமதி உண்டு என்று கேளுங்கள். வரும் பதிலை, அது மறுப்பாக இருந்தாலும், பத்திரிகைக்கு அனுப்புங்கள்.