கோணிய கோடும் பிழைத்த புள்ளியும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் குழாய்களைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் இக்குடியிருப்பில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிடுவது தொழிற்சாலை. அதற்கு நாடி நரம்பாய் அமைந்தவை குழாய்கள். காலையில் வேலைக்குச் சென்றோர் மாலையில் நலமாய்த் திரும்புவதற்கு அக்குழாய்களின் நலமும் ஒரு காரணம். ஆதலின் இப்பொருள் நம் எல்லார்க்கும் உரியதே.

குழாயை நேராக இழுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். எஃகு சூடேறினால் நீளும். நூறு மீட்டர் எஃகுக் குழாயின் வெப்பநிலை 200 பாகை உயருமாயின், அது ஏறத்தாழ 240 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளும். இருமுனையையும் இறுகக் கட்டிவைத்தால், அந்நீட்சி பெரும் விசையாகிப் பம்பின் வாயையோ குழாயின் இணைப்பையோ நெரிக்கும். எனவே குழாயை ஆங்காங்கே வளைத்து, எங்கே தாங்குவது, எங்கே நகரவிடுவது என்று கணக்கிடுகின்றனர். இதுவே தகைவுக் கணக்கு. 1984ஆம் ஆண்டு வெளிவந்த சீசர் 2 போன்ற கணினி நிரல்கள் இக்கணக்கைச் செய்கின்றன. செய்து முடித்ததும் குழாயின் வரைபடத்தையும் தாமே வரைந்து தருகின்றன.

அவ்வரைபடத்தை ஐசோமெட்ரிக் என்பர். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளையும் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகிய மூன்று கோடுகளால் ஒரே தாளில் காட்டும் முறை அது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் இதனை 1822இல் முறைப்பட விளக்கினார். குழாய் வேலையில் இப்படத்தை அளவுத்திட்டத்துக்கு வரைவதில்லை; நீண்ட குழாயும் குட்டையாய்த் தோன்றலாம். எழுதியுள்ள எண்ணே அளவு. அதை நம்பியே வெல்டர் குழாயை அறுத்துப் பற்றவைக்கிறார்.

இனி, கணினி தந்த படம் கோணலாய் வந்தால் செய்வது யாது? நம் தாய்மார்கள் கோலம் இடுவதை எண்ணிப் பாருங்கள். புள்ளி பிசகியிருந்தால், கோட்டை எவ்வளவு வளைத்தாலும் கோலம் அமையாது. கணினியும் அவ்வாறே. குழாயின் ஒவ்வொரு திருப்பமும் தாங்கியும் அதற்கு ஓர் எண்ணிட்ட புள்ளி. புள்ளிகளை இணைத்தே அது வரைகிறது. ஆதலின் படம் பிழைத்தால் கோட்டைத் திருத்தலாகாது. புள்ளியைத் தேட வேண்டும்.

பிழைகள் மூவகைப்படும். முதலாவது, எழுத்துப் பிழை. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க இயலாமற் போகும். நெடிய குழாயைப் பல தாள்களாகப் பிரித்தால் இது பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, பெயர்ப் பிழை. வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்குழாய் தோன்றும். காரணம் எளிது. தகைவுக் கணக்குக்கு வால்வு என்பது வளையாத, கனமான ஒரு துண்டு மட்டுமே; நீளமும் எடையும் தெரிந்தால் போதும். வரையும் பகுதிக்கோ அதன் பெயரும் வகையும் வேண்டும். அவற்றைச் சொல்லிவிட்டால் உரிய குறி வந்துவிடும்.

மூன்றாவது, இடப் பிழை. இதுவே அச்சம் தருவது. மேல்நோக்கிய திசையை ஒரு நிரல் ஒய் என்றும் மற்றொன்று இசட் என்றும் கொண்டிருந்தால், நிற்க வேண்டிய குழாய் படுத்துவிடும். மில்லிமீட்டரும் அங்குலமும் மாறினால், அளவு இருபத்தைந்து மடங்கு பிறழும். இரு முனைகள் மயிரிழை விலகியிருந்தாலும், ஒரே குழாய் இரண்டாகப் பிரிந்து தோன்றக்கூடும். இதன் மறுபுறம் இன்னும் கொடிது. இரு முனைகளும் ஓரிடத்தில் இருந்தும், புள்ளி எண்கள் வேறாயிருந்தால், படத்தில் இணைந்ததுபோல் தோன்றும். கணக்கிலோ இணைப்பே இராது. அழகிய படமும் ஐயத்துக்கு உரியது என்பதை இதனால் உணரலாம்.

தேடும் முறையும் ஒன்று உண்டு. முதலில் நிரல் தரும் எச்சரிக்கைகளை முழுதும் படித்தல். அடுத்து, வடக்குத் திசைக் குறியையும் மேல்திசையையும் ஒப்பிடல். பின்னர், தொடக்கம் முதல் முடிவு வரை அளவுகளைத் திசைவாரியாகக் கையால் கூட்டி, இரு முனைகளின் இருப்பிடத்தோடு சரிபார்த்தல். அப்போதும் பிழை விளங்காவிடில், குழாயில் பாதியை மட்டும் வரையச் செய்தல். பிழை எப்பாதியில் நிற்கிறதோ அதனை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே சென்றால், குற்றமுள்ள புள்ளி அகப்படும்.

படத்தின்மேல் ஒரு கோட்டை அழித்து எழுதினால் அன்றைய வேலை முடிந்துவிடுமே என்று சிலர் கருதலாம். படம் திருந்தும், கணக்கு திருந்தாது. பட்டறையில் உருவாகும் குழாய் ஒன்று, கணக்கில் உள்ள குழாய் மற்றொன்று ஆகிவிடும்.

படமும் கணக்கும் பிரிந்தால் விளைவது என்ன என்பதைக் கணினி வரையாத காலத்து நிகழ்ச்சி ஒன்று காட்டும். இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்னும் ஊரிலிருந்த இரசாயனத் தொழிற்சாலையில், வரிசையாய் நின்ற கலன்களுள் ஒன்றை அகற்றிவிட்டு, இடைவெளியை 20 அங்குல விட்டமுள்ள தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அக்குழாய்க்கு இருந்த படம், பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்த கோடே. குழாய் இடத்தில் பொருந்தியது. ஆனால் வளைந்த அக்குழாய், இரு முனைகளிலும் இருந்த துருத்தி இணைப்புகளோடு, உள்ளழுத்தத்தைத் தாங்குமா என்று எவரும் கணக்கிடவில்லை. 1974 சூன் 1ஆம் நாள் அது முறிந்து, வெளியேறிய ஆவி வெடித்து, 28 பேர் மாண்டனர். பொருந்துவது வேறு; தாங்குவது வேறு.

பொறியியல் பயிலும் இளைஞர்களுக்கு ஒரு சொல். கணினி வரைந்தது என்பதற்காகப் படத்தை நம்பாதீர்கள்; கோணியது என்பதற்காக வெறுக்கவும் வேண்டா. கோணிய படம் உள்ளே மறைந்த குற்றத்தை முன்கூட்டி உரைக்கும் நண்பன். திருத்தியபின் படத்தைப் புதிதாய் வரையச் செய்து, திருத்த எண் இட்டு, பழைய தாள்களைப் பட்டறையிலிருந்து திரும்பப் பெறுங்கள். தாளைக் கையில் ஏந்தி நிற்கும் வெல்டர், உங்கள் முகத்தையும் அறியார், உங்கள் கணக்கையும் அறியார். அவர் அறிவது அந்த எண்ணை மட்டுமே. அது மெய்யாயிருத்தல் நம் கடமை.