கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு

கலாநிதிப் பட்டம் எடுத்தாயிற்று. இனி விரிவுரையாளர் வேலைக்கு விளம்பரம் வரும்வரை காத்திருப்பதா? வடக்கில் இடமே இல்லை என்றில்லை: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆய்வை முடித்த எல்லோருக்கும் அங்கே கதிரை கிடைக்காது.

வெளிநாட்டிலும் வழி உண்டு. ஜேர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, கலாநிதிப் பட்டம் பெற்று 4 ஆண்டு தாண்டாதவர்களுக்கு 6 முதல் 24 மாதம் வரை ஆய்வு உதவித்தொகை தருகிறது. எந்த நாட்டவரும் எந்தத் துறையினரும் விண்ணப்பிக்கலாம். யப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமான ஜேஎஸ்பிஎஸ், பட்டம் பெற்று 6 ஆண்டு வரை விடுகிறது. ஆனால் அங்கே விண்ணப்பம் போடுபவர் நீங்கள் அல்ல, உங்களை ஏற்கும் யப்பானிய ஆய்வாளர்.

ஆகவே முதல் வேலை, அந்த நாட்டு ஆய்வாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவது. எங்கள் பிள்ளைகள் சறுக்குவது இதிலேதான் என்று நினைக்கிறேன். ஒரே கடிதத்தைப் பேரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பினால் யார் பதில் போடுவார்? உங்களிடம் மட்டும் இருப்பதை எழுதுங்கள். ஓர் உதாரணம்: வவுனியாப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். சிறுநீரக நோய்ப் பயமும் அங்கே உண்டு. அந்தத் தண்ணீரை மாரியிலும் கோடையிலும் அளந்து வைத்திருக்கிறீர்களா? முதல் பந்தியிலேயே அதைச் சொல்லுங்கள். தேடினாலும் பேர்லினில் கிடைக்காத தரவு அது.

பிள்ளை வளர்ப்பதற்காக இடையில் நின்ற தாய்மாருக்கு ஒரு சொல்: அந்தக் காலத்தை ஹம்போல்ட் கணக்கில் எடுத்து, 4 ஆண்டு எல்லையைத் தளர்த்தும். விண்ணப்பத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.