சங்கிலிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

(சேர்வராயன் மலையில் பேசியதன் சுருக்கம்)



ஒரு வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் நம் ஜனங்கள் முதலில் தேடுவது யாரை? பூசாரியைத்தான். வேப்பிலை அடிப்பார்கள், கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள், தீராவிட்டால் முன்ஜென்ம வினை என்று சொல்லி மூலையில் உட்கார வைத்து விடுவார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கிற நாம் மூளைக்கு வந்த நோய்க்கு மாத்திரம் பேயைக் கேட்பானேன்? வயிற்றுக்கு நோய் வருவது போலவே மனதுக்கும் வரும். அதற்கும் மருந்துண்டு; வைத்தியருமுண்டு.

இந்தப் பேய்ப் பேச்சினால் பூசாரிக்கு வரும்படி என்பது தெரிந்த சங்கதி. ஆனால் அவரைவிடப் பெரிய லாபம் அடைகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் சர்க்கார்! நோய்க்குக் காரணம் பேய் என்றால் பேயைக் கேட்க வேண்டும். தலைவிதி என்றால் கடவுளைக் கேட்க வேண்டும். மந்திரியைக் கேட்பவர் யார்?

ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். தர்காவுக்குப் போனால் தெளியும் என்று கொண்டுபோய் விடப்பட்டவர்கள், கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இது ஒரு மதத்தின் குற்றமல்ல. குணசீலத்துப் பெருமாள் கோவிலுக்கும் இப்படித்தான் கூட்டிப் போகிறார்கள். நோயாளியைத் தெய்வத்திடம் விட்டது குடும்பம். குடும்பத்தைத் தெய்வத்திடம் விட்டது சர்க்கார்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார்கள், நத்தை வேகத்தில்! சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் சரித்திரம் 1794-ல் தொடங்குகிறது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் போட்டார்கள். அது ஜில்லாத் திட்டமாக இறங்கிவர 1996 ஆயிற்று. 1987-ல் செய்த சட்டம் 1993-ல்தான் அமலுக்கு வந்தது. 2015-16-ல் 12 மாகாணங்களில் சர்க்காரே எடுத்த கணக்கில், மனநோய் கண்டவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று தெரிந்தது. இதற்கு எந்த மந்திரியாவது பதவியை விட்டாரா? எந்தக் கட்சியாவது இதனால் ஓட்டு இழந்ததா?

2017-ல் புதுச்சட்டம் வந்து, 2018-ல் அமலுக்கும் வந்தது. அதில் உள்ளதைக் கவனமாய்க் கேளுங்கள். சங்கிலியில் கட்டுவது குற்றம். சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை; ஏழைக்கு இலவசம். ஜில்லாவில் குறைந்தபட்ச வசதி இல்லாவிட்டால், அந்த ஜில்லாவிலேயே வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். ஜனத்தொகைக்குத் தக்கபடி வைத்தியர்களைச் சேர்க்க 10 வருஷம் தவணை. அந்தக் கெடு 2028. இது பிச்சையல்ல, உங்கள் பாத்தியதை!

இனி, இம்மலைக்கு வருவோம். இங்கிருந்து காப்பிக் கொட்டை கீழே இறங்க வழி கண்டார்கள். பாக்சைட் மண் மேட்டூருக்குப் போகவும் வழி கண்டார்கள். கோடை விழாவுக்குப் பூக்கள் ஏறி வருகின்றன. 2013 டிசம்பரில் இத்தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, 20 கொண்டை ஊசி வளைவுகளும் மந்திரிகளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மனநோய் வைத்தியருக்கு மாத்திரம் மலை செங்குத்தாகி விடுமா?

இந்நாட்டுச் சட்டசபையில் மலைவாழ் மக்களுக்கென்று ஒதுக்கியவை இரண்டே தொகுதிகள். சேந்தமங்கலம் ஒன்று, ஏற்காடு மற்றொன்று. ஆகையால் உங்களுக்காகவே பேச ஓர் ஆள் அங்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஓட்டுக்கு வரும்போது மாலை போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மனநோய் வைத்தியர் இந்த மலைக்கு மாதத்தில் எத்தனை நாள் வருகிறார்? மாத்திரை வருஷம் முழுதும் தடையின்றி இங்கேயே கிடைக்கிறதா? கூலியை விட்டு சேலத்துக்கு இறங்குகிறவருடைய செலவை யார் கொடுக்கிறார்கள்? "பார்க்கலாம்" என்று சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று திருப்பிக் கேளுங்கள்.

தோழர்களே! பூசாரியிடம் போவதை விடுவது நம் பொறுப்பு. வைத்தியரை மலையேற்றுவது சர்க்காரின் பொறுப்பு. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைக் கேட்க நமக்கு வாய் இராது. இரண்டாவதைச் செய்யாமல் மூடநம்பிக்கை என்று மலை ஜனங்களைப் பழிக்கச் சர்க்காருக்கு யோக்கியதை கிடையாது. நாம் சொல்லுவதை வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் நாளைக்கே கேட்கத் தொடங்குங்கள்.