குழவிச் செவியும் தாய்மொழியும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



திங்கள்தோறும் கூடிக் கவிதையும் காப்பியமும் பேசிவரும் இவ்வட்டம், நிறைவு விழாவில் உரையாற்றக் காது மருத்துவன் ஒருவனை அழைத்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில், உள்ளிருந்து எழும் காற்று வாயுறுப்புகளின் தொழிலால் எழுத்தாக உருப்பெறுவதை நுணுகி உரைக்கிறார். எழுத்து பிறக்கும் இடம் அது. அது சென்று சேரும் இடம் செவியும், செவிக்குப் பின்னுள்ள மூளையும் ஆகும். பேசுபவனைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்த நாம், கேட்பவனைப் பற்றி, அதிலும் பேசவே அறியாத பச்சிளங்குழவியைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு, காக்ளியா என்பர். அதன் அடிப்பகுதி உயர்ந்த ஒலிகளையும் நுனிப்பகுதி தாழ்ந்த ஒலிகளையும் உணரும். சுருட்டி வைத்த யாழ் என்றே கூறலாம். கருவின் 20ஆம் வாரமளவில் இதன் அமைப்பு ஏறத்தாழ முற்றுப்பெறுகிறது. 25ஆம் வாரத்தை ஒட்டி வெளியொலி கேட்டுக் கரு அசையத் தொடங்குகிறது. வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் உயர்ந்த ஒலிகளைத் தடுத்துவிடுவதால், உள்ளே சென்று சேர்வது பெரும்பாலும் பேச்சின் இசையும் தாளமுமே. மெய்யெழுத்துகளின் நுட்பம் அன்று. தாயின் குரல் மட்டும் அவள் உடல் வழியாகவும் செல்வதால் ஏனைய குரல்களினும் ஓங்கி ஒலிக்கிறது.

அக்குரலைக் குழந்தை நினைவிற் கொள்கிறது என்பதை 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், பைஃபர் என்னும் இருவர் காட்டினர். பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு வைக்கப்பட்டது. ஒருவகையில் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும். வேறுவகையில் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியே சப்பின. 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்ந்து தொடங்கி உயர்வதும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உயர்ந்து தொடங்கித் தாழ்வதும் கண்டறியப்பட்டன. பிறந்த சில நாள்களில், அழுகையிலேயே தாய்மொழியின் சாயல்!

இனி நான் கூறவிருப்பதே இவ்வுரையின் உயிர்நிலை. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் இருவகை ஒலிகளை ஒலித்துக் காட்டினர். நம் 'பத்து', 'பட்டு' என்னும் சொற்களில் வரும் தகர டகர வேறுபாடுதான் அது. ஆங்கிலம் பேசும் பெரியவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோ, ஒலி மாறியவுடன் பொம்மை தோன்றும் திசையை நோக்கித் தலை திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் அத்திறன் பெரிதும் மறைந்திருந்தது. இந்தி கேட்டு வளரும் குழந்தைகளிடம் மறையவில்லை.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குங்கள். ஒன்றும் அறியாமல் வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதே குழந்தையின் கல்வி என்று நாம் எண்ணுகிறோம். செவியைப் பொறுத்தவரை நிகழ்வது ஏறத்தாழ அதற்கு மாறானது. பல மொழிகளின் ஒலி வேறுபாடுகளை உணரும் ஆற்றலோடு வரும் குழவி, தன்னைச் சூழ்ந்தோர் பேசும் மொழிக்கு வேண்டுவனவற்றைக் கூர்மையாக்கி, வேண்டாதவற்றைக் கைவிடுகிறது. மூளையின் கேட்புப் பகுதியில் நரம்பணுக்களின் இணைப்புகள் மூன்றாம் மாதமளவில் மிகப்பெருகி, பின்னர்ப் பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் குறைகின்றன. பயன்படும் இணைப்பு வலுப்பெறுகிறது, பயன்படாதது உதிர்கிறது.

ழகரம் அழிகிறதென்று மேடைதோறும் வருந்துகிறோம். பள்ளியில் சேர்ந்த பிறகு பிள்ளையின் நாவைத் திருத்த முயல்கிறோம். நாவுக்கு முன் பழகியது செவி. வீட்டில் எவரும் ழகரத்தை ஒலிக்காதபோது, லகர ளகர ழகர வேறுபாட்டை அக்குழந்தை எங்கிருந்து பெறும்? ஆய்வு முடிபாக இதனைக் கூறவில்லை. என் கருத்தாகவே கூறுகிறேன். பிற்காலத்தில் பயிற்சியால் பெற இயலாது என்பதும் இல்லை. உழைப்பு மிகுதி, அவ்வளவே.

வானொலியும் தொலைக்காட்சியும் இக்குறையை நீக்குமா? 2003இல் பட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீனமொழியைக் கேட்கச் செய்தனர். எதிரில் அமர்ந்து கொஞ்சிப் பேசியவரிடமிருந்து குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கண்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. பிள்ளைத்தமிழில் தாலப்பருவம் ஏறத்தாழ ஏழாம் எட்டாம் மாதத்துக்குரியது என்பர். உடனே நம் முன்னோர் நரம்பியல் அறிந்திருந்தனர் என்று முழங்க நான் வரவில்லை. குழந்தையின் முகம் பார்த்துப் பாட அவர்கள் அறிந்திருந்தனர், அது போதும்.

இனி, ஒலியே எட்டாத குழந்தை. ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று முதல் மூன்று வரை குறிப்பிடத்தக்க செவிக்குறையோடு பிறக்கின்றன. நம் பகுதிகளில் வேரூன்றிய உறவுமுறைத் திருமணமும், குறிப்பாகத் தாய்மாமனை மணப்பதும், பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை ஒருங்கு சேர வழிசெய்கிறது. இலக்கிய மேடையில் இது இங்கிதமன்று எனின் பொறுத்தருள்க. என்னிடம் இக்குழந்தைகளைப் பெரும்பாலும் இரண்டரை, மூன்று வயதில்தான் கொண்டுவருகின்றனர். "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் கூறியிருப்பார். தட்டைத் தட்டினால் திரும்புகிறானே என்பர். தட்டும் கையின் நிழலுக்கும் தரையின் அதிர்வுக்கும் திரும்பியிருப்பான்.

நலமுள்ள செவி ஒலியைக் கேட்பதோடன்றி, மிக மெல்லிய ஒலியைத் தானும் எழுப்புகிறது. 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் இதனைப் பதிவு செய்தார். உறங்கும் சிசுவின் காதில் சிறு கருவியை வைத்து அவ்வொலி வருகிறதா எனச் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். ஐயமிருப்பின் மூளைத்தண்டின் மறுமொழியை அளக்கும் மற்றொரு சோதனை உண்டு. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னர்க் கண்டறியப்பட்டோரைவிட மொழியில் தெளிவாக முன்னிற்பதை 1998இல் வெளிவந்த கொலராடோ ஆய்வு காட்டியது. காக்ளியா உள்வைப்புக் கருவியும் அவ்வாறே. மூன்றரை வயதிற்குள் பொருத்தினால் மூளை ஒலிக்கு மறுமொழி தரும் விரைவு பெரும்பாலும் இயல்பை எட்டுகிறது. ஏழு வயதிற்குப் பின் அது அரிது. அதற்குள் அவ்விடத்தைக் கண் முதலிய பிற புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன.

கருவி பொருத்த இயலாத குழந்தைக்கு மொழியே இல்லை என்று எவரும் எண்ணிவிடலாகாது. காது கேளாத பெற்றோர்க்குப் பிறந்து சைகை மொழி கண்டு வளர்ந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகள் மழலை மிழற்றும் அதே பருவத்தில் கைகளால் மிழற்றியதை 1991இல் லாரா பெட்டிட்டோ எடுத்துக்காட்டினார். ஒலியாயினும் சைகையாயினும், அம்மூளைக்கு உரிய காலத்தில் ஒரு மொழி கிடைத்தாக வேண்டும். அச்சைகைகளைக் கேட்கும் திறனுள்ள பெற்றோரும் கற்றுக்கொள்ளலாம்; குழந்தை வளர வளரக் கற்றாலும் போதும்.

எனக்களித்த நேரம் முடிந்தது. வினாக்கள் இருப்பின் விடைகூறக் காத்திருக்கிறேன்.