கடல் முதலில் வருவது கிணற்றுக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச வந்தால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் கிணற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கடல் உயர்கிறது என்றதும் எங்களுக்கு நினைவு வருவது 2004 டிசம்பர் 26. காலநிலை மாற்றத்தால் உயரும் கடல் அப்படி ஒரே காலையில் வருவதில்லை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரிக் கடல்மட்டம் உயர்ந்தது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். ஒரு சாண்தானே என்று யாழ்ப்பாணத்தார் இருந்துவிட முடியாது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மாரி மழைதான் எங்கள் கிணற்று நீர். அது கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சின்ன வகுப்புச் சுற்றுலாவில் கேட்டு வியந்தோமே, அதே கதைதான். நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே 1 அடி போனால் கீழே 40 அடி போகும். கடல் உயர்ந்தாலும் மழை பொய்த்தாலும் அந்த 1 அடிக்குத்தான் ஆபத்து. மோட்டர் போட்டு இறைக்கும் நாங்களும் குற்றவாளிகளே. துலாக் காலத்தில் கை நொந்தது, கிணறு நோகவில்லை.

தண்ணீர் சவரானால் முதலில் தேத்தண்ணி காட்டிக்கொடுக்கும். உடம்பு காட்டுவது பிறகு. வங்காளதேசக் கரையோரத்தில் டாக்கோப் என்ற பகுதியில் நடந்த ஆய்வுகள், உப்புக் கூடிய குடிநீருக்கும் கர்ப்பிணிகளின் உயர் குருதியமுக்கத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டன. அந்த அமுக்கம் முற்றினால் வலிப்பு வரும். தாயும் பிள்ளையும் ஆபத்தில்.

நாங்கள் கிளினிக்கில் கருவாட்டைக் குறையுங்கோ, ஊறுகாயை விடுங்கோ என்போம். ஒருநாள் தீவுப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டார்: "டொக்டர், கருவாட்டை விடலாம், தண்ணியை எப்பிடி விடுறது?" பவுசர் வராத நாளில் அவருக்குக் கிணறுதான். கொதிக்க வைத்துத்தான் குடிப்பதாகச் சொன்னார். கொதித்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. இதை நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தக் கிணற்றுத் தண்ணி என்று கேட்காமல் நான் அமுக்கம் பார்ப்பதில்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டும் பேச்சு நடக்கிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். கார்த்திகை அடைமழையில் எங்கள் மண்டபக் கூரைத் தண்ணீர் முழுவதும் வாய்க்காலால் ஓடிவிடுகிறது. பீலியும் மூடிய தொட்டியும் போடுவோம். தொட்டி நிரம்பி வழிவதைக் குழி வெட்டி நிலத்துக்குள் விடுவோம். வளைவு பிறகு பார்க்கலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் அக்காமார் கோபிக்கக் கூடாது.

விடுதிக் கிணற்றின் உப்பை மாரி முடிவிலும் ஆவணியிலும் உயர்தர மாணவிகள் அளந்து எழுதி வைக்கட்டும். அதற்கான சிறு கருவி ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் கிணற்றடிக்கு வாருங்கள், முதல் அளவை இன்றைக்கே எடுப்போம்.