வீட்டுத் திருத்த வேலைக்கு முன்னர் அறிய வேண்டியவை
(தமிழ்மொழிக் குடியிருப்பாளருக்கான தகவல் உரையின் எழுத்து வடிவம்)



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது தமிழர் அறிந்த பழமொழி. கட்டிய வீட்டைத் திருத்துவதும் அவற்றிற்குக் குறைந்த காரியமன்று. 1980களில் அடைக்கலம் தேடி ஜேர்மனிக்கு வந்து, நெடுங்காலம் வாடகை வீடுகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று சொந்த வீட்டில் வாழ்கின்றன. அவ்வீடுகளுட் பல, அவர்கள் இந்நாட்டிற்கு வருவதற்கு முன்னரே கட்டப்பட்டவை. வேலை தொடங்க நல்ல நாள் பார்ப்பது தமிழர் வழக்கம். இங்கோ, அதற்கும் முன்னர் பார்க்க வேண்டியது வீடு கட்டப்பட்ட ஆண்டு.

கட்டிய ஆண்டும் அஸ்பெஸ்டஸும்

ஜேர்மனியில் அஸ்பெஸ்டஸ் 1993 ஒக்டோபர் 31 முதல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்னர் கட்டத் தொடங்கிய எந்த வீட்டிலும் அது இருக்கக்கூடும். இலங்கையில் அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டின் கீழ் வளர்ந்தவர்களுக்கு அப்பெயர் அச்சம் தருவதில்லை. ஆனால் இங்குள்ள பழைய வீடுகளில் அது கூரையிலும் வெளிச்சுவர்த் தகடுகளிலும் மட்டும் இருப்பதன்று. பழைய தரை ஓடுகளிலும், அவற்றின் அடியிலுள்ள கரிய பசையிலும், குளியலறை ஓடுகளை ஒட்டிய பசையிலும், சுவர்ப் பூச்சிலும் அது கலந்திருக்கலாம். அசையாது கிடக்கும்வரை அதன் இழைகள் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. துளைக்கும்போதும், தேய்க்கும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலைச் சென்றடைகின்றன. அதனால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படுவதுண்டு.

ஆகவே, விடுமுறை நாளில் குடும்பத்தோடு சேர்ந்து பழைய தரையைப் பெயர்த்தெடுப்பது சிக்கனமாகத் தோன்றினும் ஆபத்தானது. ஐயமுள்ள இடத்தில் தகுதிபெற்றவர் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்திற் பரிசோதிக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் உறுதியானால், அதற்கான தகுதி பெற்ற நிறுவனமே அதை அகற்ற வேண்டும். 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வேலையை ஒப்படைப்பவர் கட்டடத்தின் வரலாறு பற்றித் தம்மிடமுள்ள தகவல்களை, வேலை தொடங்குமுன் நிறுவனத்திற்கு வழங்கக் கடமைப்பட்டவர்.

யாருடைய அனுமதி தேவை

வாடகைக்கு இருப்பவர் சுவருக்கு வர்ணம் பூசலாம். ஆனால் சுவரை அகற்றவோ குளியலறையை மாற்றியமைக்கவோ உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்புதல் கிடைத்த மாற்றத்தையும், வீட்டை விட்டுச் செல்லும்போது பழைய நிலைக்குக் கொண்டுவருமாறு கேட்கப்படலாம். அதுபற்றி முன்னரே எழுதிக்கொள்வது நன்று. மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற மாற்றங்களையும் திருட்டுத் தடுப்பு ஏற்பாடுகளையும் அனுமதிக்குமாறு கோரும் உரிமையைச் சட்டம் வாடகையாளருக்கு வழங்குகிறது.

உரிமையாளரே வீட்டை நவீனமயமாக்குவதாயின், தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதனால் தமக்குப் பெருஞ்சிரமம் நேருமெனக் கருதுபவர், அறிவித்தல் கிடைத்த மாதத்திற்கு அடுத்த மாத முடிவிற்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடிதம் விளங்கவில்லை என்று ஒதுக்கி வைப்போர் இக்காலக்கெடுவை இழந்துவிடுகின்றனர்.

அடுக்குமாடியில் சொந்த வீடு வைத்திருப்பவர் மறந்துவிடும் ஒன்றுண்டு. சுமைதாங்கும் சுவர்களும் யன்னல்களும், அவர் வீட்டினுள்ளேயே இருந்தாலும், பொதுச்சொத்தே. அவற்றை மாற்ற உரிமையாளர் கூட்டத்தின் தீர்மானம் வேண்டும். தனி வீடாயினும், சுமைதாங்கும் சுவரை அகற்றுவதற்கோ நிலவறையைப் படுக்கையறையாக்குவதற்கோ முன்னர், பௌஅம்ற் எனப்படும் கட்டட அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும்.

பணமும் பற்றுச்சீட்டும்

உறவினரும் அயலவரும் ஊதியம் கருதாது உதவுவதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் பற்றுச்சீட்டு இன்றிக் கையிற் பணம் கொடுத்துச் செய்விப்பது கறுப்பு வேலை. 2013 ஓகஸ்ட் 1 அன்று ஜேர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தெளிவாகத் தீர்ப்பளித்தது: வரியைத் தவிர்ப்பதற்காகப் பற்றுச்சீட்டு வேண்டாமென இருவரும் உடன்பட்ட ஒப்பந்தம் செல்லாது, வேலையிற் குறையிருந்தாலும் அதைத் திருத்தித் தருமாறு கோர முடியாது. நீர் ஒழுகும் குளியலறையோடு நிற்பவருக்கு அப்போது சட்டத்தின் துணையில்லை. முறையாகச் செய்யப்பட்ட கட்டட வேலைக்கோ, பொதுச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள் குறைநிவர்த்தி கோரும் உரிமை உண்டு.

பற்றுச்சீட்டினால் இன்னுமொரு நன்மையும் உண்டு. கூலி, இயந்திரம், பயணம் ஆகிய செலவுகளில் 20 வீதத்தை, ஆண்டிற்கு 1200 யூரோ வரை, வருமான வரியிற் கழிக்கலாம். கூலி 3000 யூரோ எனின், 600 யூரோ வரி குறையும். பொருள்களின் விலை இதிற் சேராது. பணம் வங்கி மூலம் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கையிற் கொடுத்தது கணக்கில் வராது. பற்றுச்சீட்டை இரண்டு ஆண்டுகளாவது பேண வேண்டும். முழுத்தொகையையும் முற்பணமாகக் கொடுத்துவிடாமல், முடிந்த வேலைக்கேற்பப் பகுதி பகுதியாகச் செலுத்துவது பாதுகாப்பானது.

வெப்பமூட்டி, யன்னல், கூரைக் காப்பு ஆகியவற்றிற்கு அரச மானியம் நாடுவோர் வரிசையைத் தவறவிடலாகாது. விண்ணப்பத்திற்கு முன்னர் வேலையைத் தொடங்கியவர் மானியத்தை இழக்கிறார். மானியம் உறுதியானால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதுவிப்பது முக்கியம். மானிய விகிதங்கள் மாறுபவை என்பதால், நுகர்வோர் நடுவத்தின் எரிசக்தி ஆலோசனையில் அன்றைய நிலையைக் கேட்டறிவது பயன்தரும்.

அயலவர்

ஞாயிறும் அரச விடுமுறை நாள்களும் ஓய்வு நாள்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை இரவு அமைதி பேணப்படும். துளையிடும் ஓசைக்கு அந்நேரங்களில் இடமில்லை. நண்பகல் ஓய்வும் சில இடங்களில் உண்டு. வீட்டு ஒழுங்குவிதியைப் பார்த்தறிக. வேலை நடைபெறும் நாள்களை எழுதி வாசற்படியருகே ஒட்டிவைத்தால், அயலவரின் மனக்கசப்புப் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

சுருங்கச் சொன்னால், முதலில் கட்டிய ஆண்டு, அடுத்து அனுமதி, பின்னர் மானிய நிபந்தனையும் பற்றுச்சீட்டும் கூடிய எழுத்து ஒப்பந்தம், அதன்பின் மானிய விண்ணப்பம். இவை நான்கும் கைக்கு வந்தபின் நல்ல நாள் பார்த்துச் சுத்தியலை எடுக்கலாம்.